ஸ்கேன் ஊசி, கிட்னி, தோல்: வாசகர் கேள்விகளும் டொக்டர் பதில்களும்

டயலிசிஸ் செய்பவர்களுக்கு வரும் தோல் அரிப்பைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். போகிற போக்கில், ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தாலும் அபூர்வமாகத் தோல் கெடலாம் என்று ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு தம்பலகாமத்திலிருந்து மூதூர் வரை கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். சளி, முடி உதிர்வு, குழந்தை சாப்பிடுவதில்லை என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

அப்பாவுக்கு 61 வயது. இரண்டு கிட்னியும் செயலிழந்து கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ் நடக்கிறது, கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக நடுமுதுகில் நோ, இரவில் காய்ச்சல். முள்ளந்தண்டில் கிருமி இருக்கலாம், மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ எடுங்கள் என்றார்கள். கொழும்பில் திகதியும் எடுத்தாயிற்று. இப்போது கனடாவில் இருக்கும் மாமியின் மகன் போனில், "அந்த ஊசி கிட்னி இல்லாத ஆட்களின் தோலைக் கல்லாக்கிவிடும், விடாதே" என்று சத்தம் போடுகிறான். அம்மா அழுகிறா. திகதியைத் தள்ளிப்போடலாமா?
தம்பலகாமம் வாசகர்

தள்ளிப்போடாதீர்கள் தம்பி. முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு. கழுத்தில் குழாயோடு டயலிசிஸ் செய்யும் ஒருவருக்குக் காய்ச்சலும் முதுகு நோவும் சேர்ந்து வந்தால் அது சும்மா முதுகுப் பிடிப்பாக இருக்காது என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழாய் வழியாக இரத்தத்துக்குள் போன கிருமி முள்ளந்தண்டில் தங்கிச் சீழ் கட்டினால் கால் இரண்டும் வழங்காமல் போகிற நிலைமை வரலாம். கால் பலம் குறைந்தாலோ, மரத்தாலோ, மலம் போவது தெரியாமல் போனாலோ ஸ்கேன் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி மாமியின் மகன் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பழைய உண்மை, இன்றைக்கு அதில் பாதிதான் பொருந்தும்.

எம்.ஆர்.ஐ எடுக்கும்போது ஏற்றும் மருந்தில் கடோலினியம் என்றொரு உலோகம் இருக்கிறது. தனியாக உடம்புக்குள் போனால் அது நஞ்சு. அதனால் வேறொரு மூலக்கூறால் இறுக்கிச் சுற்றித்தான் ஏற்றுவார்கள், சுற்று அவிழாமல் அப்படியே சிறுநீரோடு வெளியே போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. கிட்னி நல்லாக இருப்பவருக்கு ஏற்றியதில் பாதி இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடும். கிட்னி செயலிழந்தவருக்கு அந்தப் பாதி போகவே 30 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு நேரம் உடம்புக்குள் சுற்றித் திரிந்தால், சுற்று பலவீனமான மருந்துகளில் உலோகம் கழன்று தோலிலும் தசையிலும் படிந்துவிடுகிறது. அதைக் கண்டு உடம்பு, காயம் ஆறும்போது வடு கட்டுவது போல நார் நாராகக் கட்டத் தொடங்குகிறது. காலிலும் கையிலும் தோல் தடித்து, இறுகி, மூட்டு மடக்க முடியாமல் போகும். சிலருக்கு இதயம், நுரையீரல், சுவாசத் தசை வரைக்கும் இந்த இறுக்கம் போயிருக்கிறது.

இந்த வருத்தம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1997 இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். 2000 இல் 15 டயலிசிஸ் நோயாளிகளின் விபரத்தோடு லான்செற் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆனால் காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 2006 இல்தான் ஒஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் இருந்த வைத்தியர்கள், இந்த ஆட்கள் எல்லோருக்கும் கடோலினியம் ஏற்றி எம்.ஆர்.ஐ எடுத்திருக்கிறார்களே என்று கண்டுபிடித்தார்கள். டென்மார்க்கில் பார்த்த 13 பேருக்கும் ஏறியது ஒரே மருந்து, கடோடயமைட். இதில் எனக்கு இன்றைக்கும் மனதை உறுத்துகிற விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் சி.ரி ஸ்கேனுக்குப் போடும் அயடீன் மருந்து கிட்னியைக் கெடுக்கும், எம்.ஆர்.ஐ மருந்து கெடுக்காது என்று நம்பி, கிட்னி நோயாளிகளைத் தேடிப்பிடித்து அதைக் கொடுத்தார்கள், இரத்தக்குழாய் படம் தெளிவாக வர வேண்டுமென்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அளவிலும் கொடுத்தார்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான்.

2007 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை போட வைத்தது. 2010 இல் கடோடயமைட், கடோபென்ரெட்டேற், கடோவெர்செற்றமைட் ஆகிய மூன்றையும் கிட்னி மோசமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்றது. கடைப் பெயரில் சொன்னால் ஓம்னிஸ்கான், மேக்னெவிஸ்ட், ஒப்டிமார்க். இந்தப் பழைய வகை ஏறிய டயலிசிஸ் நோயாளிகளில் நூற்றுக்கு 1 முதல் 7 பேர் வரை பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. சின்ன எண்ணிக்கை இல்லை அது.

மற்ற வகையில் சுற்று, வளையமாக மூடியிருக்கும். உலோகம் இலேசில் கழன்று வராது. கடோபியூற்றோல், கடோரெறேற், கடோரெறிடோல் என்று பெயர்கள். கடோவிஸ்ட், டோற்றாரெம், புறோஹான்ஸ் என்று விற்கிறார்கள். கிட்னி நோயின் கடைசி இரண்டு கட்டங்களான நாலாம் ஐந்தாம் கட்டத்தில் இருந்த 4,931 பேருக்கு, இந்த வளைய வகையும் உட்பட ஆபத்துக் குறைந்த மருந்துகள் ஏறிய விபரங்களைத் திரட்டி 2020 இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் ஒருவருக்குக்கூட இந்தத் தோல் வருத்தம் வரவில்லை. ஒருகாலும் வராது என்று இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் முள்ளந்தண்டில் சீழ் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதோடு இதை ஒரு தராசில் வைக்கவும் முடியாது.

ஆக, நீங்கள் மறிக்க வேண்டியது ஸ்கேனை இல்லை. கேட்க வேண்டியது மருந்தின் பெயரை. டயலிசிஸ் நடப்பது ஓரிடம், ஸ்கேன் எழுதியவர் இன்னோரிடம், எடுப்பவர்கள் கொழும்பில். அங்கே இருப்பவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது, கையில் இருக்கும் துண்டில் "முதுகு நோ" என்று மட்டும் எழுதியிருக்கலாம். போகும்போது கிளினிக் கொப்பியையும் கடைசியாகச் செய்த கிரியேற்றினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை) அறிக்கையையும் கொண்டுபோங்கள். உள்ளே விடும் முன்னரே, "அப்பா டயலிசிஸ் நோயாளி, என்ன மருந்து ஏற்றுவீர்கள், வளைய வகையா, எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், படம் எடுக்கும் ரேடியோகிராபர் நல்லவரென்றால் சந்தோசப்படுவார். மருந்து இல்லாமல் முதலில் எடுத்துப் பார்த்து, அதிலேயே விஷயம் தெரிந்தால் ஊசியை விடலாமா என்றும் கேட்கலாம். சில நேரம் விடலாம். அதைப் படம் பார்க்கும் வைத்தியர் தீர்மானிக்கட்டும், கனடாவில் இருந்து தீர்மானிக்க வேண்டாம்.

மருந்து ஏற்றினால் உடனே டயலிசிஸ் செய்து கழுவிவிடலாமா? எனக்கு வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் டயலிசிஸ். அதுவும் அதே மாதிரிக் கழுவுமா?
உப்புவெளி வாசகர்

இரத்த டயலிசிஸ் என்றால் நன்றாகக் கழுவும். ஒரு தரம் செய்தாலே முக்கால்வாசியளவு போய்விடும், மூன்றாம் தரத்தோடு கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும். அதனால் வழமையான டயலிசிஸ் நாளுக்குக் கொஞ்சம் முன்னர் ஸ்கேனை வைத்துக்கொள்வது புத்தி. காலையில் ஸ்கேன், பின்னேரம் டயலிசிஸ் என்று பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது, கொழும்புப் பயணத்தில் அது எப்போதும் கைகூடாது. ஆனால் கழுவினால் அந்த வருத்தம் கட்டாயம் வராது என்று நிரூபித்தவர் கிடையாது. பழைய வகையை ஏற்றிவிட்டு, கழுவிவிட்டோம் தானே என்று இருக்கவும் முடியாது.

உங்களுடைய வயிற்று டயலிசிஸ் இந்த விஷயத்தில் மெதுவானது, மருந்தை அவ்வளவு சுகமாக வெளியே எடுக்காது. அதனால் வளைய வகை மருந்து, குறைந்த அளவு, இந்த இரண்டிலும் நீங்கள் கூடுதல் கண்டிப்பாக இருங்கள். ஊசிக்காக மட்டும் புதிதாகக் கழுத்தில் குழாய் போட்டு இரத்த டயலிசிஸ் தொடங்கத் தேவையில்லை, அதில் வரும் கிருமித் தொற்று இதைவிட ஆபத்து.

உம்மாவுக்குச் சீனி வருத்தம், கிட்னியும் போய் டயலிசிஸ் செய்கிறோம். முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து, தடித்து, தொட்டால் இறுக்கமாக இருக்கிறது. இரவெல்லாம் சொறிகிறா. போன வருசம் மருந்து ஏற்றி ஒரு ஸ்கேன் எடுத்தோம், என்ன ஸ்கேன் என்று சரியாகத் தெரியாது. போன இதழில் நீங்கள் எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. அதுதானா இது?
கிண்ணியா வாசகி

மகள், முதலில் அது என்ன ஸ்கேன் என்று கண்டுபிடிப்போம். உம்மாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நீளமான குழாய்க்குள் போட்டு, காது அடைக்கிற மாதிரி டக்டக்கென்று சத்தம் கேட்டு, அரை மணித்தியாலம் ஆடாமல் கிடக்கச் சொன்னார்களா? அப்படியென்றால் அது எம்.ஆர்.ஐ. அல்லது, பெரிய வளையத்துக்குள்ளே கட்டில் போய்வந்து, ஊசி ஏறியவுடன் உடம்பெல்லாம் சுடச்சுட ஓடி, சிறுநீர் போய்விட்ட மாதிரி வெட்கமாக இருந்ததா? அப்படியென்றால் சி.ரி, ஏறியது அயடீன். சி.ரி என்றால் இந்தக் கவலையை இங்கேயே விட்டுவிடலாம், தோல் கல்லாகிற வருத்தத்துக்கும் அயடீனுக்கும் சம்பந்தமில்லை.

எம்.ஆர்.ஐ என்றாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள். சீனியும் கிட்னியும் உள்ள ஒருவரின் கால் தோல் கெடுவதற்கு வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. கால் நீண்ட நாள் வீங்கியிருந்தால் கணுக்காலுக்கு மேலே தோல் கபில நிறமாகி இறுகும். கிட்னி போனவர்களுக்கு தோல் வறண்டு அரிப்பது மிகச் சாதாரணம், இரத்தத்தில் பொஸ்பரஸ் கூடினால் இன்னும் மோசம், சொறிந்து சொறிந்தே தோல் தடிக்கும். இதெல்லாம் கிளினிக்கில் தினமும் பார்க்கிறது. கடோலினியத்தால் வருவது அபூர்வம், பழைய மருந்துகளை ஒதுக்கிய பிறகு இன்னும் அபூர்வமாகிவிட்டது.

எதைப் பார்த்து சந்தேகப்படலாம்? இரண்டு காலிலும் ஒரே மாதிரி, காலில் தொடங்கித் தொடைக்கும் பிறகு கைக்கும் ஏறும். தோல் நுள்ளி எடுக்க வராது. மேலே தோடம்பழத் தோலில் இருப்பது மாதிரிச் சின்னச் சின்னக் குழி விழும், சிவந்தோ கறுத்தோ திட்டுத் திட்டாக இருக்கும். அரிப்போடு எரிவும் குத்தும். முழங்கால், கணுக்கால், விரல் மூட்டு நீட்ட மடக்க முடியாமல் வரும், சிலர் ஒரு சில கிழமைக்குள் நடக்க முடியாமல் போயிருக்கிறார்கள். முகத்துக்குப் பெரும்பாலும் வராது. முகமும் இறுகினால் வேறு வருத்தம் ஒன்றைத் தேட வேண்டும். கண் வெள்ளையில் மஞ்சள் திட்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊசி ஏறிச் சில கிழமை தொடக்கம் சில மாதத்துக்குள் தொடங்குவதுதான் வழமை, வருடங்கள் கழித்துத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் தோலில் ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லலாம், மேலாக எடுத்தால் பிடிபடாது, கொழுப்புப் படை வரை ஆழமாக எடுக்க வேண்டும். சீனிக்காரரின் காலில் காயம் ஆறுவது கஷ்டம், அதனால் எங்கிருந்து எடுப்பது என்று யோசித்துத்தான் எடுப்பார்கள், கொஞ்சம் தாமதித்தால் கோபிக்காதீர்கள்.

அதுதான் என்று வந்துவிட்டால்? ஒளிக்காமல் சொல்கிறேன், இதை முற்றாக மாற்றும் மருந்து கிடையாது. கிட்னி திரும்ப வேலை செய்தால், அல்லது மாற்றுக் கிட்னி கிடைத்தால், சிலருக்குத் தோல் இளகியிருக்கிறது. மூட்டுப் பிடித்துவிடாமல் பிசியோதெரபியை முதல் நாளில் இருந்தே செய்ய வேண்டும், அது தான் நம் கையில் இருப்பது. எண்ணெய் போட்டு உரஞ்சி இறுக்கத்தை எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் மெதுவாகத் தடவ மட்டும் விடுங்கள், இழுத்து முறித்தால் தோல் வெடித்துப் புண்ணாகும்.

என் மனிசருக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது, தடித்துவிடும். இப்போது சி.ரி ஸ்கேனுக்கு அயடீன் ஏற்ற வேண்டுமாம். கடல் சாப்பாட்டில் அயடீன்தானே இருக்கிறது? அவருக்குக் கிட்னியும் கொஞ்சம் பலவீனம்.
நிலாவெளி வாசகி

நிலாவெளியில் இருந்துகொண்டு இறால் சாப்பிட முடியாதென்றால் அது பெரிய தண்டனைதான். ஆனால் அவருக்கு ஒவ்வாதது இறாலின் சதையில் இருக்கும் ஒரு புரதம், அயடீன் இல்லை. அயடீன் உப்பைத் தினமும் சோற்றில் சாப்பிடுகிறார் தானே, அதற்கு ஒன்றும் செய்யவில்லையே. இறால் ஒத்துக்கொள்ளாது என்ற காரணத்துக்காக மட்டும் சி.ரி மருந்தை மறுக்கத் தேவையில்லை. முன்னர் இதே ஸ்கேன் மருந்து ஏறித் தடித்திருந்தால், மூச்சு முட்டியிருந்தால், அதுதான் முக்கியம், அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அயடீன் மருந்தாலும் தோலுக்கு வரும் பிரச்சினைகள் உண்டு, ஆனால் வேறு மாதிரி. ஏறிய சில நிமிடத்தில் தடிப்பு வரலாம், அதற்காகத்தான் முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்கிறார்கள், எழுந்து ஓடிவராதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பெரும்பாலும் மூன்று நாளுக்குள், சிலவேளை ஒரு கிழமைக்குள், உடம்பில் சிவந்த பொட்டுகள் அரிப்போடு வரலாம். அது தானாகவே அடங்கும், அரிப்புக்கு மாத்திரை கொடுப்பார்கள். பலர் அதைச் சாப்பாட்டின் மேல் பழிபோட்டுவிட்டு ஸ்கேனை மறந்துவிடுகிறார்கள், பிறகு அடுத்த ஸ்கேனில் அதே மருந்து ஏறும்போது கூடுதலாக வருகிறது. கொப்புளம் போட்டால், வாய் புண்ணானால், தோல் உரிந்தால், காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கிட்னி மிகவும் குறைந்தவர்களுக்கு அயடீன் உடம்பில் தங்குவதால் இரண்டு விசித்திரங்கள் நடக்கலாம். ஒன்று, தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி கூகைக்கட்டு வந்த மாதிரித் தெரியும், சில நாளில் வற்றிவிடும். மற்றது முகத்தில் சீழ்க் கட்டிகள், பருப்பருவாக, இது மிக அபூர்வம்.

மனிசருக்குக் கிட்னி "கொஞ்சம் பலவீனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? கிரியேற்றினினை வைத்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எப்.ஆர் என்ற ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள். அது 30 க்கு மேல் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. 30 க்குக் கீழே, ஆனால் டயலிசிஸ் தொடங்கவில்லை என்றால்தான் உண்மையான யோசனை, ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுவதா என்று வைத்தியர் பார்ப்பார். சீனிக்கு மெற்போமின் குடிக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பதவி சிறிபுர பக்கத்து வயல்காரரிடம் சீனியும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் காணப்படுகிறது, ஒரு நோவும் இருக்காது, கிட்னி பாதி போகும் வரை ஆளுக்கே தெரியாது. அப்படியானவர் தலையிடிக்கென்று எம்.ஆர்.ஐக்குப் போய், "கிட்னி வருத்தம் இருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு வருவார். வயல் வேலை செய்கிறவர்கள், சீனி, பிரஷர் உள்ளவர்கள், வயது போனவர்கள் எந்த மருந்து ஏற்றும் ஸ்கேனுக்கும் முன்னர் ஒரு கிரியேற்றினின் செய்துவிட்டுப் போவது என் அபிப்பிராயத்தில் கட்டாயம்.

ஸ்கேன் மருந்தின் நஞ்சு இறங்க செவ்விளநீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள், கன்னியா வெந்நீரில் குளித்தால் தோல் இளகும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் அண்ணா டயலிசிஸ் நோயாளி.
மூதூர் வாசகர்

செவ்விளநீர் வேண்டவே வேண்டாம். இளநீரில் பொற்றாசியம் நிறைய இருக்கிறது. கிட்னி இல்லாதவருக்கு அது வெளியே போக வழியில்லை, இரத்தத்தில் கூடினால் இதயம் அப்படியே நின்றுவிடலாம். ஊசிக்குப் பயந்து இளநீரால் ஆளை இழக்க வேண்டாம். தண்ணீரைக் கூட அவருக்கு அளந்துதான் குடிக்கச் சொல்லியிருப்பார்கள், "கழுவுப்படட்டும்" என்று குடம் குடமாகக் குடித்தால் அது சிறுநீராகப் போகாது, நெஞ்சில் நீராகச் சேர்ந்து மூச்சு முட்டும்.

கன்னியாவுக்குப் போய் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு வரலாம், மனதுக்கு நல்லம். தோலுக்குள் கட்டிய நார் வெந்நீரில் கரையாது. கழுத்தில் குழாய் இருந்தால் அந்த இடத்தில் ஒரு சொட்டும் படக்கூடாது, காலில் புண் இருந்தாலும் போக வேண்டாம், சீனியால் கால் மரத்திருந்தால் சூடு தெரியாமல் அவிந்துவிடும். பிஸ்துலா செய்த கையை, அதாவது டயலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்த கையை, ஸ்கேன் நேரத்திலும் கவனியுங்கள், அந்தக் கையில் ஊசி குத்த விடக்கூடாது, மற்றக் கையை நீட்டச் சொல்லுங்கள்.

ஏற்கனவே இரண்டு தரம் எம்.ஆர்.ஐ எடுத்தாயிற்று, என்ன மருந்து என்று தெரியாது. இப்போது எப்படி அறிவது?
திருகோணமலை நகர வாசகர்

அறிக்கைத் தாளை எடுத்துப் பாருங்கள். படத்தை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு அறிக்கையைத் தொலைத்தவர்கள்தான் அதிகம். அதில் மருந்தின் பெயரும் எத்தனை மில்லிலீற்றர் என்றும் இருக்கலாம், இல்லாவிட்டால் தனியார் இடமென்றால் பற்றுச்சீட்டில் மருந்துக்குத் தனியாகக் காசு எடுத்திருப்பார்கள், அங்கே பெயர் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் எடுத்த இடத்துக்குத் திகதியையும் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கிடைத்ததைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், ஒவ்வாமை எழுதும் இடத்துக்குக் கீழே, திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஸ்கேன் அறைக்குள் போகும்போதே பேனையைக் கொடுத்து ரேடியோகிராபரிடமே எழுதச் சொல்லுங்கள். பெயரை அவர் ஆங்கிலத்தில் எழுதினால் பரவாயில்லை, எழுத்து விளங்கினால் போதும்.